வெந்நீரும் குடும்ப நலமும்

(தாய் சேய் நலக் கூட்டத்தில் தம்பதிகளுக்கு ஆற்றிய உரை)



குடும்ப நலம் என்றதும் பிள்ளைகளுக்கு நடுவே இடைவெளி, தடுப்பூசி, சத்துணவு இவைதான் உங்கள் நினைவுக்கு வரும். இவற்றைப் பற்றி நர்ஸம்மா வீடு வீடாக வந்து சொல்லியிருக்கிறார்கள். இன்று வேறொரு விஷயம். பிள்ளை பெற்றவளும் பெற்ற பிள்ளையும் தினமும் புழங்குகிற ஓர் இடத்தில் ஆபத்து இருந்தால் அதை நீக்குவதும் குடும்ப நலம்தானே? அந்த இடம் குளியலறை. ஆபத்து, தவறான இடத்தில் மாட்டிய கேஸ் கீசர்.

நம் நீலகிரியில் வெந்நீர் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. ஊட்டி ஏறத்தாழ 7,300 அடி உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் புல்லின் மேல் உறைபனி படிகிறது. முன்பெல்லாம் விறகடுப்பில் அண்டாவை வைத்துக் காய்ச்சினோம். பெண்கள் விறகு சுமந்தார்கள், புகையில் கண்ணைக் கசக்கினார்கள். இன்று பெரும்பாலான வீடுகளில் சமையல் கேஸ் இருக்கிறது. குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் கொட்டும் கேஸ் கீசரையும் பலர் வாங்குகிறார்கள். வாங்குவதில் தப்பில்லை. எங்கே மாட்டுகிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது ஒரே வரி. கீசர் வெளியே இருக்கட்டும், வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும். இதை மனசில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

கீசருக்கும் மூச்சு வேண்டும்

கேஸ் கீசர் என்பது சுவரில் தொங்குகிற ஓர் அடுப்பு. அடுப்பு எரியக் காற்றில் உள்ள பிராணவாயு வேண்டும். நமக்கும் அதே பிராணவாயுதான் வேண்டும். சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் மூச்சு விட்டால் என்ன ஆகும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிஷத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் கீசர், முழு வேகத்தில் எரிந்தால் மணிக்கு ஏறத்தாழ 900 கிராம் கேஸ் பிடிக்கும். நம் சமையல் அடுப்பின் பெரிய பர்னர் நான்கைந்தை ஒரே நேரத்தில் எரிப்பதற்கு இது சமம். 6 அடி நீளம், 5 அடி அகலம், 8 அடி உயரமுள்ள குளியலறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிக்காற்றே புகாவிட்டால், 10 நிமிஷத்தில் அந்த அறையில் உள்ள பிராணவாயுவில் ஏறத்தாழ கால் பங்கைக் கீசர் குடித்துவிடும். இது சமவெளிக் கணக்கு. மலையில் காற்றே மெல்லியது. ஊட்டி உயரத்தில் அதன் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே நம் ஊரில் நிலைமை இன்னும் மோசம்.

பிராணவாயு குறையக் குறைய நெருப்பு அரைகுறையாக எரியும். அப்போது கார்பன் மோனாக்சைடு என்கிற நச்சு வாயு உண்டாகும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, கண்ணும் எரியாது. சிலிண்டர் கேஸ் கசிந்தால் நாற்றம் அடிக்கும். கசிவு தெரியட்டும் என்றே அந்த நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். ஆனால் எரிந்த பிறகு வரும் இந்த நஞ்சுக்கு எந்த நாற்றமும் கிடையாது. "கேஸ் வாசனையே வரலீங்க, அப்புறம் என்ன பயம்?" என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்புப் பொருளோடு இந்த நஞ்சு, பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் இருக்கிற சீட்டையெல்லாம் ஒருவன் துண்டு போட்டுப் பிடித்துக்கொண்டால் மற்றவர்கள் ஏற முடியுமா? அந்த மாதிரிதான். முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வரும். பிறகு கால் தளரும். கதவைத் திறக்க வேண்டும் என்று மனசு நினைக்கும், ஆனால் எழுந்திருக்க முடியாது. குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தியை மலையில் இருக்கும் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அங்கே கொன்றதும் இதே நஞ்சுதான்.

சிலர் குளியலறையில் மயங்கி விழும்போது வலிப்பும் வரும். அதை வலிப்பு நோய் என்று எண்ணி வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிடுவதும் உண்டு. இந்திய மருத்துவர்கள் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி மருத்துவ ஏடுகளில் எழுதி, இதற்கு 'கேஸ் கீசர் சிண்ட்ரோம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆகவே யாராவது குளிக்கும்போது மட்டும் மயங்கினால் பேய், பிசாசு, கண்ணேறு என்று அலையாதீர்கள். கீசர் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் கூடுதல் ஆபத்து

கர்ப்பிணித் தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். தாய் சுவாசித்த நஞ்சு நஞ்சுக்கொடி வழியாக வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். தாயின் ரத்தத்திலிருந்து அது வெளியேறிய பிறகும் பிள்ளையின் ரத்தத்தில் கூடுதல் நேரம் தங்கும். தாய்க்கு லேசான தலைவலிதான் இருந்திருக்கும், ஆனாலும் உள்ளே இருக்கும் பிள்ளைக்குக் கெடுதல் நேரலாம்.

பிள்ளை பெற்ற வீட்டிலும் இதே கதைதான். பச்சை உடம்புக்குக் காற்றுப் படக்கூடாது என்று ஜன்னலை அடைத்து, வென்டிலேட்டரில் சாக்கைச் செருகி, தாயையும் சேயையும் உள்ளே உட்கார வைத்து, கீசரைப் போட்டுக் குளிப்பாட்டுகிறார்கள். பாட்டிமார்கள் அன்பினால்தான் இப்படிச் செய்கிறார்கள். அவர்கள் காலத்தில் அண்டா வெளியே கொதித்தது, தண்ணீர் மட்டும் உள்ளே வந்தது. அந்த வழக்கத்தையே கீசருக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். குழந்தை பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுவதால் நஞ்சும் அதன் உடம்பில் சீக்கிரம் ஏறும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். சிலிண்டர் கேஸுக்கு என்று செய்த கீசராக இருக்க வேண்டும். குழாய் மூலம் வரும் கேஸுக்குச் செய்ததைச் சிலிண்டரில் மாட்டக்கூடாது. தீ அணைந்தால் கேஸ் தானாக நிற்கும் வசதி கட்டாயம் வேண்டும். சில கீசர்கள் 20 நிமிஷம் ஆனதும் தாமாகவே அணையும், அதுவும் நல்லதே. மலைப்பகுதிக்கு ஏற்றதா என்று கடைக்காரரைக் கேளுங்கள். விலை குறைவு என்று பழைய கீசரையும் பெயர் தெரியாத கீசரையும் வாங்க வேண்டாம்.

மாட்டும் முறை

முதலில் இடம். குளியலறையின் வெளிச்சுவரில், கூரை இறவாணத்துக்குக் கீழே, நின்றபடி தீயைப் பார்க்கும் உயரத்தில் கீசர் இருக்கட்டும். மேலே மழைக்கு ஒரு தகரம் போடலாம். பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். பெட்டி மாதிரி நாலு பக்கமும் அடைத்துவிட்டால் வெளியே வைத்தும் பலன் இல்லை. குளியலறை ஜன்னலுக்கும் படுக்கையறை ஜன்னலுக்கும் நேர் கீழேயோ பக்கத்திலேயோ மாட்டாதீர்கள். கீசர் விடும் சூடான காற்று ஜன்னல் வழியே உள்ளே திரும்பும். பக்கத்தில் விறகுக் கட்டு, துணிக்கொடி, பிளாஸ்டிக் படுதா, கூரைக் கீற்று எதுவும் இருக்கக்கூடாது. சுவர் செங்கல் அல்லது கல் சுவராக இருந்தால் நல்லது. துளை போட்டு இறுக்கமாகத் திருகி மாட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது சிலிண்டர். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால் சிலிண்டரைப் பள்ளத்திலும் மூடிய நிலவறையிலும் சாக்கடை ஓரத்திலும் வைக்கக்கூடாது. காற்றோட்டமான சமதரையில் நேராக நிற்க வேண்டும். படுக்க வைக்கவே கூடாது. சமையலறை சிலிண்டரிலிருந்து நடுவில் ஒரு 'டி' வைத்துப் பிரித்துக் கீசருக்குக் கொண்டுபோவது தவறு. இரண்டாவது சிலிண்டர் வேண்டும் என்றால் ஏஜென்சியில் முறைப்படி கேட்டுப் பெறுங்கள்.

மூன்றாவது டியூப். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, உள்ளே கம்பிப் பின்னல் வைத்த ஆரஞ்சு நிற 'சுரக்ஷா' டியூப் போடுங்கள். 5 வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். வெடிப்பு கண்டால் அதற்கு முன்பே மாற்ற வேண்டும். ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம். ரப்பர் டியூபைச் சுவர் ஓட்டைக்குள் விடாதீர்கள். அங்கே எலி கடித்தாலும் தெரியாது, தேய்ந்தாலும் தெரியாது. சுவரைத் தாண்ட வேண்டுமானால் உலோகக் குழாய்தான் போட வேண்டும். அதைத் தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள்.

நான்காவது தண்ணீர். வெந்நீர் போகும் வழியில் சாதாரண பி.வி.சி. குழாய் இளகிவிடும். சூடு தாங்கும் சி.பி.வி.சி. குழாய் போடுங்கள். தொட்டியின் உயரம் போதாவிட்டால் கீசர் பற்றாது. எவ்வளவு உயரம் வேண்டும் என்று கீசரோடு வரும் புத்தகத்தில் இருக்கும். உறைபனி விழும் இரவுகளில் கீசருக்குள் தண்ணீர் உறைந்தால் குழாய் வெடிக்கும். படுக்கப் போகும் முன் தண்ணீரை அடைத்து, கீழே உள்ள திருகைக் கழற்றி உள்ளே நிற்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள்.

ஐந்தாவது சோதனை. மாட்டி முடித்ததும் எல்லா மூட்டுகளிலும் சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழி கிளம்பினால் அங்கே கசிவு இருக்கிறது. தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் முட்டாள்தனம் வேண்டாம். பிறகு கீசரைப் பற்ற வையுங்கள். தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தாலும், மேலே கரி படிந்தாலும், உடனே அணைத்து மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, குளிர் தொடங்கும் முன், சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

கணவன் மனைவி பேசிக்கொள்ளும் சந்தேகங்கள்

"ஏங்க, வெளியில மாட்டினா எவனாவது தூக்கிட்டுப் போயிட்டா?" என்று மனைவி கேட்கலாம். நியாயமான கேள்வி. கம்பி வலைக் கூண்டு ஒன்று செய்து பூட்டுப் போடுங்கள். குரங்கு டியூபை இழுப்பதற்கும் அதுவே மருந்து. வலையில் காற்றுப் போகும், கை போகாது. தகரப் பெட்டி மட்டும் வேண்டாம்.

"வெளிக்காத்துல தீ அணைஞ்சு போயிடுதே" என்று கணவர் சொல்லலாம். காற்று வரும் ஒரு பக்கத்தில் மட்டும் கொஞ்சம் தள்ளி ஒரு தடுப்பு வையுங்கள். மற்றப் பக்கங்கள் திறந்தே இருக்கட்டும்.

"உள்ளே மாட்டி, எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டா போதாதா?" என்று கேட்பவர்களும் உண்டு. கரண்ட் போனால் ஃபேன் நிற்கும், கீசர் நிற்காது. அது பேட்டரியில் பற்றுவது. குளிரடித்தால் நாமே ஃபேனை நிறுத்துவோம். உயிரை ஒரு சுவிட்சை நம்பி விடலாமா?

"எங்க வீட்டுல வெளிச்சுவரே இல்லீங்களே?" லைன் வீடுகளில் இப்படி இருக்கும். அந்த வீட்டுக்குக் கேஸ் கீசர் வேண்டாம். காற்றோட்டமுள்ள சமையலறையில் காய்ச்சி வாளியில் கொண்டுபோங்கள். வசதி இருந்தால், எர்த் சரியாக உள்ள இணைப்பில் மின்சார கீசர் வையுங்கள்.

"ஏற்கெனவே உள்ளேதான் மாட்டியிருக்கோம். இனி என்ன பண்றது?" வெளியே மாற்றுங்கள். மாற்றும் வரைக்கும் ஒரு வழி சொல்கிறேன். கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்துக்கொண்டு வாளியில் வெந்நீர் பிடியுங்கள். கீசரை அணையுங்கள். சில நிமிஷம் காற்றோடட்டும். அதற்குப் பிறகு குளிக்கப் போங்கள். கீசர் எரியும்போது யாரும் உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடாது. கர்ப்பிணியும் குழந்தையும் அந்த நேரத்தில் அறைக்குள்ளேயே போகக்கூடாது. ஒருவர் பின் ஒருவராக நாலு பேர் குளித்தால், கடைசியில் போகிறவருக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி. நம் வீடுகளில் கடைசியில் குளிப்பவள் யார் என்று உங்களுக்கே தெரியும்.

வாளியில் பிடிப்பதால் சிக்கனமும் உண்டு. ஒரு வாளி 18 லிட்டர் என்றால் 3 நிமிஷத்தில் நிறையும். நாலு பேர் தினமும் ஆளுக்கு 10 நிமிஷம் கீசரை எரித்தால் நாளைக்கு 600 கிராம் கேஸ் ஆகும். 14.2 கிலோ சிலிண்டர் 24 நாள்கூட வராது. 5 நிமிஷத்தில் முடித்தால் ஒன்றரை மாதம் வரும்.

வெந்நீர் சுடும் என்பதையும் மறக்காதீர்கள். குழந்தைக்கு ஊற்றும் முன் முழங்கையை விட்டுப் பாருங்கள். வாளியில் பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, அதன் மேல் வெந்நீரைக் கலக்க வேண்டும்.

ஆபத்து நேர்ந்தால்

குளிக்கப் போனவர் நேரமாகியும் வரவில்லை, கூப்பிட்டால் பதில் இல்லை என்றால் தயங்காதீர்கள். கதவை உடைத்தாவது திறங்கள். மானம் மரியாதை பார்க்கிற நேரம் அது அல்ல. ஒரு போர்வையைப் போர்த்தி, வெளிக்காற்றுக்குத் தூக்கி வாருங்கள். தூக்கப் போகிறவர் உள்ளே நின்று நேரம் போக்கக்கூடாது, அவரும் மயங்குவார். இன்னொருவர் ரெகுலேட்டரை மூடட்டும். 108-க்குப் போன் செய்யுங்கள். மூச்சு இல்லாவிட்டால், நெஞ்சை அழுத்தும் முதலுதவி தெரிந்தவர் உடனே தொடங்க வேண்டும். முகத்தில் தண்ணீர் தெளித்துச் சோடா கொடுத்து உட்கார வைத்துவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் "குளியலறையில் கேஸ் கீசர் எரிந்துகொண்டிருந்தது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அதுதான் டாக்டருக்கு வழிகாட்டும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்தில் ஏறிய நஞ்சு பாதியாகக் குறையவே 4, 5 மணி நேரம் ஆகும். சுத்தமான ஆக்ஸிஜன் வைத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்ஸிமீட்டர் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. அதை இந்த விஷயத்தில் நம்பாதீர்கள். ரத்தத்தில் நஞ்சு ஏறியிருந்தாலும் அது 98, 99 என்று காட்டும். கர்ப்பிணியாக இருந்தால், "இப்ப நல்லாத்தாங்க இருக்கு" என்று அவரே சொன்னாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விடுங்கள்.

கேஸ் நாற்றம் அடித்தால் வேறு முறை. எந்த சுவிட்சையும் போடாதீர்கள், அணைக்காதீர்கள். நெருப்புப் பெட்டியைத் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, தள்ளி நின்று 1906-க்குப் போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்கென்றே உள்ள அவசர எண் அது.

தாய்மார்களே, தந்தைமார்களே,

இதையெல்லாம் செய்ய எவ்வளவு செலவாகும்? கீசரை வெளியே மாட்டக் கூடுதலாகச் சில அடி குழாயும், ஒரு தகரமும், ஒரு வலைக் கூண்டும், ஆளுக்கு ஒரு நாள் கூலியும் ஆகும். ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை ஓடுகிற செலவைவிட இது குறைவு. போன உயிரை எந்தப் பணம் கொடுத்தும் மீட்க முடியாது.

இன்று வீட்டுக்குப் போனதும் கணவனும் மனைவியும் சேர்ந்து குளியலறைக்குள் நின்று பாருங்கள். கீசர் எங்கே இருக்கிறது? வென்டிலேட்டரில் சாக்கு அடைத்திருக்கிறதா? டியூபில் போட்டிருக்கும் வருஷம் என்ன? சந்தேகம் இருந்தால் கிராம சுகாதார செவிலியரையோ கேஸ் ஏஜென்சிக்காரரையோ கேளுங்கள். பக்கத்து வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவளுக்கும் போய்ச் சொல்லுங்கள்.

கீசர் வெளியே, வெந்நீர் உள்ளே! குடும்பம் நலமாக வாழட்டும்.